கலைக்க வேண்டிய தவம்

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டப் போவதில்லை. ஒட்டினால் வாசலில் பிரிப்பார்கள். நீ அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை அப்படித்தான் பிரித்தார்கள். நெல் மண்டிக்காரர் நம் வாசலில் போட்ட பந்தலில் நின்று உரக்கப் படித்தார். "அப்பாவின் பாதையில் யாரும் குறுக்கே நிற்க வேண்டாம், அம்மாவும்கூட" என்று நீ எழுதியிருந்த இடத்தைத் திரும்பவும் படித்தார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அடுப்படி ஜன்னலில் நின்று கேட்டேன். என் மகனின் சொற்கள் வேறொருவர் குரலில் வந்தன. ஆகவே இதையும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். எதிர்வீட்டு டீச்சர் மதிய பஸ்ஸில் மெட்ராஸ் போகிறாள். சாயங்காலத்துக்குள் உன் கைக்கு வந்துவிடும். நின்றபடியே படித்துவிடாதே. உட்கார்ந்து படி.

நீ மாசியில் வந்தாய். அப்பா பின்னறைக்குள் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. பேச்சை நிறுத்தியிருந்தார். ஒருவேளைச் சாப்பாடு இருந்தது. மெலிந்து, முகம் தெளிந்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன், நானும் பார்த்தேன். நீ எதிரில் உட்கார்ந்தாய். உன் தலையில் கை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. நீ அழுதாய். அந்த அப்பாவைத்தான் மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. பங்குனியில் சோறு நின்றது. பழமும் மோரும் மட்டும். சித்திரை பிறந்ததும் அவையும் நின்றன. இப்போது தண்ணீர். உள்ளே தாழ் போட்டிருக்கிறார். ஜன்னல் கம்பி வழியாகக் கொடுப்பேன். டம்ளருக்காக நீளும் கை முதலில் காற்றைப் பிடிக்கிறது. பிறகு கம்பியைப் பிடிக்கிறது. கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும்போல் இருக்கிறது. உதட்டோரம் வெடித்து ஈ உட்காருகிறது. விரட்டுவதில்லை. வெயில் இந்த வருஷம் ஜாஸ்தி. மலையிலிருந்து இறங்கும் சூடு அந்த அறையின் சுவரில் சாயங்காலம்வரை நிற்கிறது.

போன வெள்ளிக்கிழமை காலை அறையிலிருந்து குரல் வந்தது. மௌனம் முடிந்தது என்று பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். "பஸ் போயிடுச்சா?" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "டேய், கீழ்பென்னாத்தூர் பஸ் போயிடுச்சாடா? அம்மா தேடும்டா" என்றார். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸைத் தவறவிட்ட பையனின் பயம் அந்தக் குரலில் இருந்தது. கீழ்பென்னாத்தூரில் இருந்த அவருடைய அம்மா இறந்து எத்தனை காலம் ஆயிற்று. நான் ஜன்னலுக்கு ஓடினேன். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. மண்டிக்காரர் என் பின்னால் வந்து நின்றார்.

"கேட்டீங்களாம்மா? பஸ்சாம்!"

"ஜுரத்துல பெனாத்தறாருங்க. என்னையே தெரியல அவருக்கு."

"உங்களையே தெரியலன்னா பந்தம் அறுந்துபோச்சுன்னு அர்த்தம்மா. பஸ்சுன்னா இன்னா? பொறவிதான் பஸ்சு. ஏர்றோம், எறங்கறோம். கடைசி பஸ்சு வந்துடுச்சான்னு கேக்கறாரு சாமி."

"கடைசி பஸ்னு எங்க சொன்னாரு? கீழ்பென்னாத்தூர் பஸ்னாரு."

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். மண்டிக்காரர் திரும்பியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் செங்கம் ரோடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. சாமி கடைசி பஸ் கேட்டுச்சாம். ரிக்‌ஷாக்காரர் ஒருவர் என்னிடமே சொன்னார், நான் யார் என்று தெரியாமல்.

மண்டிக்காரரை உனக்குத் தெரியும். தேரடித் தெருவில் நெல் மண்டி. பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்கு அடி அண்ணாமலையில் வருஷக்கணக்காகப் புளிசாதம் போடுகிறவர். தானே பரிமாறுவார், தானே எச்சில் இலை எடுப்பார். கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயமே அங்கேதான் இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் விரட்டியிருப்பேன். ஜன்னலோரம் நின்று அப்பாவுக்கு விசிறுகிறார். அப்பா தண்ணீர் விழுங்கும்போது அவருடைய தொண்டையும் சேர்ந்து ஏறி இறங்குகிறது. அப்படிப்பட்டவர் போன வாரம் ஒரு மாட்டு வண்டி நிறைய மூட்டைகளைக் கொண்டுவந்து நம் கொட்டகையில் இறக்கினார். பந்தலில் சமைக்க அரிசி என்று நினைத்தேன். ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை விட்டேன். உப்பு. அடுத்ததில் விபூதி. ஓரமாக ஒரு பெட்டி நிறையக் கற்பூரம்.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்றேன்.

"இருக்கட்டும்மா. பௌர்ணமியன்னிக்கு ஜனம் வந்துடும், கடைங்கல்லாம் கூட்டத்துல மாட்டிக்கும். அப்ப போய் அலைய முடியாது பாருங்க."  பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "தெக்கால வேப்பமரத்தாண்ட இடம் வுட்டீங்கன்னா, ஆளுங்களை வெச்சி இப்பவே தோண்டிடலாம். பாறை பூமி. ஒரு நாள்ல ஆவாது."

துறவிகளை இங்கே எரிப்பதில்லை. உட்கார்ந்த நிலையில் குழியில் இறக்கி, உப்பும் விபூதியும் கற்பூரமும் கொட்டி நிரப்புவார்கள். அதற்கான உப்பு அது. என் கணவர் அந்த நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கொட்டகையில் நின்றாலே கேட்கிற அளவுக்குச் சத்தமான மூச்சு.

நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. தாலுகா ஆபீஸில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதிக்கொண்டிருந்த மனிதர் அதில் மௌன சுவாமிகள். சித்ரா பௌர்ணமியன்று தரிசனம், அன்னதானம் என்று போட்டிருக்கிறது. நாளை மறுநாள் பௌர்ணமி. அன்று வேறு என்ன நடக்கும் என்று நோட்டீஸில் இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள்கூட அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். சாவு வீட்டில் அப்படித்தான் செய்வார்கள்.

அப்பா ஏன் உள்ளே போனார் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதை அப்பா சொன்னது. எமர்ஜென்சி வருஷத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் நம் பின்னறையில் வாடகைக்கு இருந்தார், பெரிய தவம் செய்தார், அம்மா கலைத்துவிட்டாள். நீ அப்போது வேலூரில் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது அறை பூட்டியிருந்தது.

பீட்டர் ஹாலந்துக்காரன். இருபத்தைந்து வயது இருக்கும், இப்போது உன் வயது. தமிழில் அவன் முதலில் கற்றுக்கொண்ட சொல் "போதும்மா". சாதம் போடும்போது சிரித்துக்கொண்டே சொல்வான். பிறகு பேச்சை நிறுத்தினான். பிறகு சிரிப்பதை. ஒரு வேளை, அப்புறம் பழம், அப்புறம் தண்ணீர். வரிசை தெரிகிறதா? அப்பா ஆபீஸ் போகும்போது கேட்டைச் சங்கிலி போட்டுவிட்டுப் போவார், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று. அவனைத் தேடி வந்த சிநேகிதன் ஒருவனை, "தபஸ்ல இருக்காரு" என்று கை கூப்பி வாசலோடு அனுப்பினார். ஜன்னல் விளிம்பில் யாரோ குங்குமம் வைத்தார்கள். யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவனுக்குச் சமைத்துப் போட்டவள் என்று எனக்கும் ஒரு பெயர் வந்தது. அன்னபூரணி. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் என்னைக் காட்டி ஒருவருக்கொருவர் அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது. பல்கலைக்கழகம்வரை படித்துவிட்டு மூன்று அறைகளுக்கு வாடகை வாங்கிக்கொண்டும் மாவு ஆட்டிக்கொண்டும் இருந்தவளுக்கு அந்தப் பெயர் குளிர்ந்த தண்ணீர் மாதிரி இருந்தது. அவன் சாப்பிடுவதை நிறுத்திய பிறகும் அந்தப் பெயர் நிற்கவில்லை. அதை நான் கவனிக்கச் சில நாட்கள் பிடித்தன. அந்தச் சில நாட்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் காலை அவன் கன்னத்தில் எறும்பு ஏறியது. கண்ணின் ஓரத்துக்குப் போனது. அவன் அசையவில்லை. அப்பா என் தோளைத் தொட்டார். "பாத்தியா, உடம்பையே மறந்துட்டாரு" என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். உண்மையான பக்தி அது. நான் எறும்பைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. எங்கள் வீட்டில் என் அண்ணன் காமாலையில் போனபோது அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.

"இது தவம் இல்லீங்க. சீக்கு" என்றேன்.

"எல்லாத்தையும் சீக்குன்னு சொல்லு. உன் படிப்பு அதான் சொல்லும்."

"கண்ணைப் பாருங்க."

"நீ பாக்காத. பாத்து பாத்துத்தான் கெடுக்கற" என்றார். வாழ்க்கையில் அவர் என்னிடம் பேசிய மிகக் கடுமையான பேச்சு அதுதான்.

அவர் ஆபீஸ் போன பிறகு ஜட்கா கூப்பிட்டேன். ஜட்காக்கார பாய் தலைப்பக்கம், நான் கால்பக்கம். பீட்டர் கனமே இல்லை. பாதி வழியில் விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். தன் மொழியில் கத்தினான். ஒரு சொல்கூடப் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. என் கையைப் பிறாண்டினான். "வுடுங்கம்மா, வண்டியில ஏத்தறப்ப என் குதிரைகூட இப்படித்தான் பண்ணும்" என்றார் பாய், என்னைத் தேற்றுவதற்காக. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவன் பையில் இருந்த விலாசத்துக்குத் தந்தி கொடுத்தேன். அவனுடைய அக்கா வந்தாள். உயிரோடுதான் அழைத்துப் போனாள். போகும்போது அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு வரி வரவில்லை. பிழைத்தானா, எங்காவது ஒரு குழந்தைக்குத் தகப்பனாக இருக்கிறானா, இன்னும் என்னைச் சபித்துக்கொண்டிருக்கிறானா, தெரியாது.

ஊர் என்னைத் தவத்தைக் கலைத்தவள் என்றது. அன்னபூரணி என்று சொன்ன அதே வாய்கள்.  அப்பா பல மாதங்கள் தனக்குத் தானே பொங்கிச் சாப்பிட்டார். அறையைக் கழுவி, பூட்டி, தினமும் வாசற்படியில் ஒரு விளக்கு வைத்தார். பிறகு பேசினோம், சிரித்தோம், உன்னைக் காலேஜில் சேர்த்தோம். ஆனால் அந்த விளக்கு மட்டும் நிற்கவில்லை. அவர் அதை ஏற்றும்போது நான் வேறு பக்கம் போய்விடுவேன்.

உன் அப்பாவைப் போல நல்லவர் ஒருவரை நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தீபத்துக்கு நடந்தே வருகிற கிழவர்களுக்கு நம் மூன்று அறைகளையும் திறந்துவிடுவார். அண்டாவில் வெந்நீர் வைத்துக்கொண்டு அவர்களுடைய வெடித்த கால்களைக் கழுவி மஞ்சள் வைத்துவிடுவார். யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை, ஒரு வருஷம் மஞ்சள் டப்பா காலியாக இருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. யார் எதைக் கேட்டாலும் கொடுக்கத் தெரிந்தவர். யாரையும் தடுக்கத் தெரியாதவர். ஒருவர் கிணற்றுக்குள் இறங்குகிறேன் என்று சொன்னால், கயிற்றைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்வார். ஏன் இறங்குகிறாய் என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்பது அகங்காரம் என்று நினைத்தார்.

நானும் அப்படித்தான் படித்தேன். தத்துவப் பரீட்சையில் பலன் கருதாத செயலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். பலன் கருதாமல் என்றால், செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எண்ணியிருந்தேன். பீட்டருக்குப் பிறகு அது எனக்கு வேறுமாதிரிப் பட ஆரம்பித்தது. எனக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டாம். அவனுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். முதலாவதை விடுவது கஷ்டம். இரண்டாவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது இன்னும் கஷ்டம், அலுப்பானதும்கூட. நாக்கின் நிறம், சிறுநீரின் நிறம், கணுக்கால். இவையெல்லாம் பக்தியின் விஷயங்களாகத் தெரிவதில்லை. எனக்கு இப்போது வேறு பக்தி இல்லை. இத்தனை வருஷம் மலையை நான் வாசலில் நின்று பார்த்ததோடு சரி. யாருக்காவது ஒன்று கொடுக்கும்போது, வாங்குகிறவரின் முகத்தைப் பார்ப்பது, தேவையா என்று கேட்பது, வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு வருவது. இதைத்தான் செய்து பழகினேன். தினமும் தவறினேன். மறுநாள் திரும்பச் செய்தேன்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். உன் இரண்டு சம்பந்தமும் நிச்சயம்வரை வந்து நின்றுபோயின அல்லவா? இரண்டாவது நின்றபோது மண்டிக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார். காப்பி குடித்துக்கொண்டே, "கலைஞ்ச தவம் சும்மா போவாதுங்க, புள்ளைங்க தலைமேல வந்து நிக்கும்" என்றார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. தை பிறந்ததும் வேலைக்கு லீவு போட்டார். பின்னறைப் பூட்டைத் திறந்தார். உள்ளே போவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா. கோவிச்சுக்காத" என்றார். "அன்னிக்கு வுட்ட எடத்துலேர்ந்து யாராவது முடிக்கணும். நீ பண்ணது புள்ள தலையில போவக் கூடாது. நான் எடுத்துக்கறேன்."

"நான் பண்ணது தப்புன்னு இன்னும் நெனைக்கறீங்களா?"

"தப்பு ரைட்டுல்லாம் எனக்குத் தெரியாது. அவனுக்கு ஒரு நல்லது நடக்கணும். அவ்ளோதான்."

என் கன்னத்தைத் தட்டினார். அதுதான் கடைசியாகப் பேசியது. அதாவது, தன் நினைவோடு பேசியது. நீ அதைப் பாதை என்று எழுதியிருக்கிறாய். அவர் மோட்சத்துக்குப் போகவில்லை. உனக்குக் கல்யாணம் ஆவதற்காகப் போயிருக்கிறார். உன்னிடம் கேட்காமல், உனக்கு வேண்டுமா என்று தெரியாமல், தன்னை எடுத்து உன் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். துளிச் சுயநலம் இல்லாத காரியம். இதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை. மாசியில் உன் தலையில் அவ்வளவு நேரம் கை வைத்திருந்தாரே, அது ஆசீர்வாதம் என்று நீ நினைத்தாய்.

மாசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஒரு மனிதர் மௌனமாக உட்கார்ந்திருந்தால் அதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை என்று எண்ணினேன். இன்றும் அப்படித்தான் எண்ணுகிறேன். தெளிந்த கண்ணோடு, எங்கே போகிறோம் என்று தெரிந்து, தெரிந்தது என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தடுக்க மாட்டேன். சித்திரை பிறந்ததும் ஜன்னலில் நின்று கேட்டேன், இது எங்க போய் முடியும்னு தெரியுதாங்க என்று. அவர் என்னைப் பார்த்துவிட்டு, என் பின்னால் யாரையோ தேடினார். பஸ் கேட்ட அன்று அவர் இந்த உலகத்தை விட்டுவிடவில்லை, கீழ்பென்னாத்தூருக்குப் போக வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பையனை யாராவது வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமா?

டாக்டரை அழைத்து வந்தேன். பந்தலில் அவருக்கு மாலை போட்டார்கள், விபூதி கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார். பையைத் திறக்கவே இல்லை. "நாடியப் பாருங்க டாக்டர்" என்றேன். "நான் யாரும்மா பாக்கறதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார், "சாமி விஷயம்மா" என்றார். அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நோட்டீஸ் இருந்தது.

இன்று காலை ஆசாரியைக் கூட்டிவந்தேன். பின்னறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது, கீல் இரண்டும் வெளியே இருக்கின்றன.

"அம்மா, சாமி இருக்கற ரூமும்மா இது."

"என் வீட்டுக்காரர் இருக்கற ரூம். கழட்டு."

மேல் கீலைக் கழற்றினார். மண்டிக்காரர் வந்தார். கத்தவில்லை. "ஆசாரி, உனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுல்ல" என்றார், சுகம் விசாரிப்பது போல. ஆசாரி திருப்புளியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கீழ்க் கீலை நான் கழற்றினேன். திருகு துருப்பிடித்திருந்தது, உள்ளங்கை கிழிந்தது. பின்னால் பந்தல் முழுக்க ஜனம். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. நின்று பார்த்தார்கள். "இவளுக்கு நல்ல சாவு வராது" என்று ஒருத்தி சொன்னாள். "மொதல்ல அந்த வெள்ளைக்காரரு, இப்ப கட்டினவரு" என்றாள் இன்னொருத்தி. "இவ கையி அப்படி." கதவு என் தோள்மேல் சாய்ந்தது. இறக்கி வைத்தேன்.

உள்ளே நாற்றம். அதைத் தாழம்பூ வாசனை என்று பந்தலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். துடைத்தேன். வேட்டி மாற்றினேன். கஞ்சித் தெளிவை ஸ்பூனில் கொடுத்தேன். துப்பினார். என் முகத்தில் விழுந்தது. திரும்பக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பீட்டர் ஜட்காவில் பார்த்த அதே பார்வை. ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த நிமிஷம் எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. பௌர்ணமிவரை அடுப்படியில் உட்கார்ந்திருந்தால் போதும், ஒரு மகானின் மனைவியாக மீதி நாட்களை ஓட்டிவிடலாம். எல்லாரும் என்னை மன்னித்துவிடுவார்கள். எழுந்திருக்கவில்லை. மூன்றாவது ஸ்பூனில் பாதி உள்ளே போயிற்று. மீதி வழிந்தது.

உன் சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பியிருந்தேன். பந்தலுக்கு முதல் கம்பு நட்டவரே அவர்தான், உனக்கு ஞாபகம் இருக்கும். வந்து அண்ணனைப் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய், திரும்பி வந்தார். "அண்ணி, பயமா இருக்குது. ஜனங்க இன்னா செய்வாங்களோ தெரியல. ஆனா வண்டி கொண்டாறேன்" என்றார். கடலை ஏற்றுகிற வேன். நாளைக் காலை விடிந்ததும் வரும். வேலூருக்குக் கொண்டுபோகிறோம். போய்ச் சேருவோமா, சேர்ந்தாலும் பிழைப்பாரா, பிழைத்தாலும் என் முகத்தைப் பார்ப்பாரா, எனக்குத் தெரியாது. மண்டிக்காரர் கொஞ்சம் முன்னால் வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"வண்டி வாசலுக்கு வந்தா ஜனம் வுடாதும்மா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். என் கையில இல்ல. தூரத்துலேர்ந்து நடந்து வந்திருக்காங்க."

"பையன் வந்து சொன்னா வுடுவாங்களா?"

யோசித்தார். "பையன் எழுதினதத்தான் படிச்சாச்சே" என்றார்.

கழற்றிய கதவைத் தரையில் படுக்கப் போட்டு, அறை வாசலை அடைத்தாற்போல் அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். பந்தலில் பாட்டு நின்றுவிட்டது. காலையிலிருந்து எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக ஆட்கள் வந்து உட்கார்ந்தபடி இருக்கிறார்கள், யாரும் எழுந்து போகவில்லை. வேப்பமரத்தடியில் யாரோ கடப்பாரையால் பாறையைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்கிறது. நான் இடம் கொடுக்கவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

உனக்கு அறிவுரை சொல்கிற கடிதமாக இதை ஆரம்பித்தேன். கல்யாணம் ஆகிப் போகும்போது உனக்குக் கொடுக்க என்று மனதில் எழுதி வைத்திருந்தது நிறைய. நல்லது செய்வதைப் பற்றி, அதில் நம்மை ஒழித்துவிடுவதைப் பற்றி, ஒழித்துவிட்டோம் என்ற பெருமையையும் ஒழிப்பதைப் பற்றி. அதற்கு இப்போது நேரம் இல்லை. ராத்திரி கடைசி பஸ்ஸுக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. அதில் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். வாசலில் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள், சாமியின் பிள்ளை என்று. நின்றுவிடாதே. பேசாதே. நேராக உள்ளே வா. அப்பாவின் காதருகே குனிந்து, எனக்காக எதுவும் வேண்டாம்ப்பா என்று சொல். சத்தமாகச் சொல், பந்தலுக்கும் கேட்கட்டும். நீ யார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்படியும் சொல்.

பிறகு அவரைத் தூக்க வேண்டும். உதறுவார், பலம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சித்தப்பா வண்டியை விட்டு இறங்க முடியாது, என்ஜினை நிறுத்தக் கூடாது. தலைப்பக்கம் நான் பிடித்துக்கொள்வேன். கால்பக்கத்துக்கு ஆள் இல்லை.